தலைமேல் நின்று வேலை வாங்கினால்...

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



வழக்கமாக இந்த நேரத்தில் வங்கிக் கடன், தவணை பாக்கி, குழு தரமதிப்பீடு என்றுதான் பேசுவோம். இன்று அதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வேறு ஒரு விஷயம் பேசலாம் என்று செயற்குழுவில் முடிவு செய்தோம். அதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்ச நாளாகக் குழுக் கூட்டத்துக்கு வராதவர்கள் யார் யார் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், பெரும்பாலும் கம்பெனி வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்களாகவே இருக்கிறார்கள். ஏன் வரலை என்று கேட்டால் "உடம்பு அசதிக்கா" என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் உடம்பைவிட மனசு அசந்து போயிருப்பது தெரிகிறது. "வேலை கஷ்டம் இல்லைக்கா. வேலை எனக்கு நல்லாவே தெரியும். ஆனா ஒரு நிமிஷம் விடாம பின்னாடியே நிக்கிறாங்க. அதுதான் தாங்க முடியலை." இதே வார்த்தையை பனியன் கம்பெனியில் தைக்கிற பெண்ணிடம் கேட்டோம். ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற பெண்ணிடமும் கேட்டோம். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரில் பில் போடுகிற பிள்ளையும் அதையேதான் சொன்னது.

படித்தவர்கள் இதற்கு மைக்ரோமேனேஜ்மென்ட் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தலைமேல் நின்று வேலை வாங்குவது என்று சொன்னால் நம்மில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அடுப்படியை நினைத்துப் பாருங்கள். நாம் சாம்பார் வைக்கிறோம். 20 வருஷமாக வைக்கிற சாம்பார்தான். பக்கத்தில் ஒருத்தர் வந்து நின்றுகொண்டு, "பருப்பு எவ்வளவு போட்டே? இவ்வளவு எதுக்கு? புளி எப்ப கரைச்சே? தீயைக் குறை. ஏன் குறைச்சே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கை தடுமாறும். உப்பு போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை போட்டுவிடுவோம். அப்போது அவர் சொல்லுவார், "நான் அப்பவே சொன்னேன்ல?" (சிரிப்பு)

நீங்கள் சிரிக்கிறதைப் பார்த்தாலே எல்லா வீட்டிலும் இந்தக் கதை இருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் வீட்டில் கோபம் வந்தால் ஒரு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கலாம், அம்மா வீட்டுக்குக்கூடப் போகலாம். கம்பெனியில் அது முடியாது. 10-ம் தேதி குழுத் தவணை கட்டணும். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும். அதனால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வாயை மூடினாலும் மனசுக்குள் ஓடிக்கொண்டுதானே இருக்கும்? அதைத்தான் அசதி என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம்.

போர்டில் எழுதாத கணக்கு

பனியன் கம்பெனிக்குள் போகாத சகோதரிகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். ஒரு டீ-ஷர்ட்டை ஒரே ஆள் தைப்பதில்லை. ஒருத்தர் தோள்பட்டை மட்டும் ஓட்டுவார். அடுத்தவர் கழுத்துப் பட்டி. அதற்கடுத்தவர் கை. இன்னொருத்தர் சைடு, கடைசியாக ஒருத்தர் கீழ் மடிப்பு. இப்படி மெஷின்களை வரிசையாகப் போட்டிருப்பதற்குத்தான் லைன் என்று பெயர். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்கு எடுப்பார்கள். ஒரு வேலைக்கு அரை நிமிஷம் என்று கணக்கு வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 120 பீஸ். நாள் பூராவும் அதே வேகத்தில் ஓட்ட மனுஷரால் முடியாது என்பதால் 75 சதவீதம் என்று வைத்து, 90 பீஸ் டார்கெட் கொடுப்பார்கள். மணிக்கு மணி யார் எத்தனை பீஸ் எடுத்தார்கள் என்று போர்டில் எழுதுவார்கள்.

இதுவரைக்கும் சொன்னதில் தப்பு என்று ஒன்றும் இல்லை. தொழில் நடத்துகிறவருக்குக் கணக்கு வேண்டும். நம் குழுவிலேயே கணக்கு இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியுமா?

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் நூல் அறுந்திருக்கும். ஊசி உடைந்து மெக்கானிக் வருவதற்கு 8 நிமிஷம் ஆகியிருக்கும். முன்னால் இருக்கிறவரிடமிருந்து பண்டல் வந்திருக்காது. ஷேடு மாறின துணி வந்து, அதைப் பிரித்து எடுத்துத் தனியாக வைத்திருப்போம். இதெல்லாம் போர்டில் ஏறாது. 74 என்ற நம்பர் மட்டும் ஏறும். உடனே சூப்பர்வைசர் வந்து, "ஏன் 16 குறையுது? என்ன பேசிட்டு இருந்தே?" என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுகிற நேரத்தில் இன்னும் 2 பீஸ் போய்விடும். பதில் சொல்லாவிட்டால் திமிர். சொன்னால் எதிர்த்துப் பேச்சு.

டார்கெட்டைத் தொட்டால் சந்தோஷப்படுவார்களா என்றால், பல இடத்தில் அதுவும் இல்லை. 90 எடுத்தால் அடுத்த வாரம் "95 முடியும்போல இருக்கே" என்று வருவார்கள். அதனால் கை வேகமான பெண்கள்கூட வேண்டுமென்றே 88-ல் நிறுத்திக்கொள்கிறார்கள். தன் திறமையை ஒளித்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறதை நினைத்துப் பாருங்கள். முதலாளிக்கும் இதில் நஷ்டம்தான். ஆனால் அது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அது எந்த போர்டிலும் எழுதியிருக்காது.

நம் உறுப்பினர் ஒருவர், வயசு 30-க்குள். அவர் வேலை பார்த்த கம்பெனியில் பாத்ரூம் போகிறதற்கு ஒரு நோட்டு போட்டார்கள். போகும்போது மணி எழுதிக் கையெழுத்து, வரும்போது மணி எழுதிக் கையெழுத்து. சாயங்காலம் சூப்பர்வைசர் அதை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிப்பார். "உனக்கு மட்டும் ஏன் 7 நிமிஷம்?" மாதவிலக்கு நாளில் என்ன பதில் சொல்வது? அந்தப் பெண் செய்தது நம்மில் பலர் செய்வதுதான். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். காலையில் ஒரு டம்ளர், மதியம் சாப்பாட்டோடு ஒரு டம்ளர், அவ்வளவுதான். பஞ்சு தூசியிலும் மெஷின் சூட்டிலும் நாள் பூராவும் உட்கார்ந்துகொண்டு இப்படி இருந்தால் உடம்பு என்ன ஆகும்? நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல், அடிவயிற்று வலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, கிருமித் தொற்று என்றார்கள். 4 நாள் லீவு. அந்த மாதம் அட்டெண்டன்ஸ் போனஸ் போச்சு. குழுத் தவணையும் தள்ளிப் போச்சு. 7 நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய் 4 நாள் வேலை கெட்டது. கம்பெனிக்கு இதில் என்ன லாபம் என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சிறுநீரை அடக்குவது பெண்களுக்கு ரொம்பக் கெடுதல் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறோம். பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை நீளம் குறைவு. அதனால் கிருமி சீக்கிரம் உள்ளே போய்விடும். எரிச்சல், அடிக்கடி வருகிற மாதிரி இருப்பது, காய்ச்சல், இடுப்பு வலி இதெல்லாம் வந்தால் "சூடு" என்று சொல்லி இளநீரோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சூப்பர்வைசர் தலைமேல் யார்?

சூப்பர்வைசரை ராட்சசன் என்று சொல்லிவிட்டால் பேச்சு சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவர் தலைமேலும் ஒருத்தர் நிற்கிறார். ஃப்ளோர் இன்சார்ஜ், புரொடக்ஷன் மேனேஜர், அதற்கு மேல் மெர்ச்சண்டைசர், அவருக்கு வெளிநாட்டு பையரிடமிருந்து வருகிற மெயில். கப்பலில் போக வேண்டிய சரக்கு தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டி வரும். அந்தச் செலவு முதலாளி தலையில் விடியும். அந்தப் பயம் மேலே இருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் மெஷினில் உட்கார்ந்திருக்கிற நம்மிடம் சத்தமாக வந்து சேருகிறது. சூப்பர்வைசர்களிலும் நிறைய பேர் நேற்றுவரை டைலராக இருந்தவர்கள்தான். நன்றாகத் தைத்தார் என்பதற்காக சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். ஆளை எப்படி வேலை வாங்குவது என்று அவருக்கு யாரும் ஒரு நாள்கூடப் பயிற்சி கொடுக்கவில்லை. தன்னிடம் எப்படிக் கத்தினார்களோ அப்படியே அவரும் கத்துகிறார்.

இதனால் அவரை மன்னித்துவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்று நமக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் சொல்கிறோம்.

இந்த ஸ்டாப்வாட்ச் சமாசாரம் இன்று நேற்று வந்ததும் அல்ல. அமெரிக்காவில் ஃபிரடெரிக் டெய்லர் என்று ஒரு இன்ஜினியர் இருந்தார். தொழிலாளியின் ஒவ்வொரு கை அசைவையும் நேரம் பார்த்து அளந்து, இப்படித்தான் செய்ய வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்ய வேண்டும் என்று 1911-ல் புத்தகம் எழுதினார். யோசிக்கிற வேலை ஆபீசுக்கு, செய்கிற வேலை தொழிலாளிக்கு. இதுதான் அவர் சொன்னதன் சாரம். அதே 1911-ல் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த அரசு ஆயுதச்சாலையில் ஸ்டாப்வாட்சோடு ஒரு ஆள் வந்து நின்றபோது, இரும்பு வார்க்கிற தொழிலாளிகள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அவர்கள் கூலி கேட்டு நிற்கவில்லை. இப்படி நேரம் பார்ப்பது எங்களுக்கு அவமானம் என்று சொல்லித்தான் நின்றார்கள். விஷயம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரைக்கும் போனது. பிறகு அரசு ஆயுதச்சாலைகளில் ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்கெடுக்கத் தடையும் போட்டார்கள். நம் ஊர்ப் பெண்கள் இன்று சொல்வதை 100 வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி இரும்பு வேலை செய்த ஆண்களும் சொல்லியிருக்கிறார்கள்.

இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்தானே, கொஞ்சம் பழகிக்கொண்டால் போச்சு என்று சிலர் நினைக்கலாம். லண்டனில் அரசு அலுவலக ஊழியர்களை வைத்து 1985-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். 10,000 பேருக்கு மேல், பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். தன் வேலையை எப்படிச் செய்வது, எதை முதலில் செய்வது என்று முடிவு பண்ண உரிமை குறைவாக இருந்தவர்களுக்கு இருதய நோய் அதிகமாக வந்தது தெரிந்தது. அவர்கள் ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். பாரம் தூக்கியவர்கள் அல்ல. ஆகவே "படபடன்னு வருதுக்கா" என்று ஒரு பிள்ளை சொன்னால், "எல்லாம் சரியாயிடும் போ" என்று அனுப்பிவிடாதீர்கள்.

கம்பெனி வேலைக்கு மட்டும் உள்ள சங்கடம் இது என்றும் நினைத்துவிட வேண்டாம். நூறு நாள் வேலைக்குப் போன சகோதரிகளைக் கேளுங்கள். செல்போன் ஆப் வழியாகக் காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ என்று 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத்தளத்திலும் கட்டாயம் ஆக்கினார்கள். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தூக்கிக்கொண்டு மேடு மேடாக அலைந்ததை நாம் பார்த்தோம். அந்தப் பொறுப்பாளரும் பல ஊரில் நம் குழு உறுப்பினர்தான். போலி வருகையைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். நோக்கம் சரி. ஆனால் மண்ணைச் சுமந்த கைக்கு, போட்டோ ஏறவில்லை என்பதற்காக வருகை விழாமல் போனால், சோதனை வைத்தது யாருக்கு? அங்கன்வாடிப் பணியாளர்களும் 2021-ல் போஷன் டிராக்கர் வந்த பிறகு பிள்ளைகளைப் பார்க்கிற நேரத்தில் போனைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்கிறார்கள்.

கடை வேலை இன்னொரு தினுசு. ஜவுளிக்கடை, நகைக்கடையில் காலை 9 மணிக்கு நின்றால் ராத்திரி வரைக்கும் நிற்பதுதான். கஸ்டமர் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயக்கூடாது, பக்கத்தில் இருக்கிறவளிடம் பேசக்கூடாது. கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கடையும் இருக்கிறது. கேரளாவில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் வேலை பார்த்த பெண்கள் இதை எதிர்த்துப் 'பெண்கூட்டு' என்று ஒரு அமைப்பாகச் சேர்ந்தார்கள். அதற்கு முன்னால் நின்ற விஜி ஒரு தையல் தொழிலாளி. முதலில் கழிப்பறை கேட்டார்கள். அப்புறம் உட்கார உரிமை கேட்டார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். ஸ்டூலைப் போட்டுவிட்டு, அதில் உட்கார்ந்தால் முறைக்கிற கடை இன்னும் இருக்கிறது. ஆனாலும் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் முறைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

எது கண்காணிப்பு, எது குடைச்சல்?

இங்கே ஒரு சகோதரி நல்ல கேள்வி கேட்டார். "அப்போ யாரும் நம்ம வேலையைப் பார்க்கவே கூடாதா?" கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைக்கும்வரை மெஷினை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று கம்பெனியில் கறாராக இருப்பார்கள். அது குடைச்சல் இல்லை. அந்தத் துண்டு ஒரு குழந்தையின் சட்டைக்குள் போய்விட்டால் என்ன ஆகும்? புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்து, இப்படி மடி, இங்கே திருப்பு என்று சொல்லிக் கொடுப்பதும் குடைச்சல் இல்லை. ஆறு மாதம் கழித்து, அதே பிள்ளை நன்றாகத் தைக்கிறபோதும் அதே இடத்தில் நின்று அதையே சொல்லிக்கொண்டிருந்தால், அதுதான் குடைச்சல்.

எங்களுக்குத் தோன்றுகிற அடையாளம் ஒன்று. வேலை முடிந்த பிறகு பீஸைப் பார்க்கிறாரா, வேலை நடக்கிறபோதே நம் முகத்தைப் பார்க்கிறாரா? பீஸைப் பார்க்கிறவர் தப்பு இருந்தால் தப்பைக் காட்டுவார். முகத்தைப் பார்க்கிறவர் தப்பு வரும்வரைக்கும் காத்துக்கொண்டிருப்பார்.

இப்போது கொஞ்சம் நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். நம் குழுக்களில் சிலர் கேண்டீன் நடத்துகிறார்கள். நாப்கின் யூனிட் இருக்கிறது, மசாலாப் பொடி யூனிட் இருக்கிறது. அங்கே பொறுப்பில் இருப்பவர் நம்மில் ஒருவர்தான். வேலைக்கு வருகிறவர்களும் நம் உறுப்பினர்கள்தான். ஒரு யூனிட்டில் 11 பேர் இருந்து 5 பேராக ஆகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு விசாரித்தோம். கூலி பிரச்சினை இல்லை. மிளகாய் வறுக்கிறவரிடம் வாணலிக்குப் பக்கத்தில் நின்று, "கிளறு, கிளறு, அடிப்பிடிக்குது" என்று நாள் பூராவும் சொன்னால் யார் இருப்பார்? வீட்டிலும் கேட்டு, இங்கேயும் கேட்கணுமா என்று நின்றுவிட்டார்கள். பொறுப்பாளரைக் கேட்டால், "கடன் என் கையெழுத்துல இருக்கு. சரக்கு கெட்டுப்போனா நான்தானே பதில் சொல்லணும்" என்றார். அவர் பயமும் நியாயம்தான். அதற்கு நாங்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசி, வறுத்த மிளகாய் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு கைப்பிடி மாதிரியை எடுத்து ஒரு பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்தோம். வறுத்தது அந்த நிறத்துக்கு வந்திருக்கிறதா என்று முடிவில் ஒரு தடவை பார்ப்பது பொறுப்பாளர் வேலை. எப்படிக் கிளறுவது என்பது வறுக்கிறவர் பாடு. நின்றுபோனவர்களில் 3 பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் வருவார்களா என்று இன்னும் சொல்ல முடியாது.

கம்பெனியில் என்ன செய்யலாம்?

வேலையை விட்டுவிடு என்று சொல்வது சுலபம். சொல்லுகிறவர் தவணை கட்டப் போவதில்லை. அதனால் வேலையில் இருந்துகொண்டே செய்யக்கூடியதைச் சொல்கிறோம்.

காரணத்தை எழுதுங்கள். நமக்கு நோட்டு எழுதப் பழக்கம் இருக்கிறது. இத்தனை வருஷம் தீர்மான நோட்டு எழுதியவர்கள் நாம். ஒரு சின்ன பாக்கெட் நோட்டில் 11 மணி முதல் 11.08 வரை ஊசி மாற்றம், 2.20 முதல் 2.35 வரை பண்டல் வரவில்லை என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். நம் உறுப்பினர் ஒருவர் அப்படி எழுதினார். ஒரு வாரத்தில் மொத்தம் 3 மணி நேரத்துக்கு மேல் பண்டலுக்காகக் காத்திருந்தது தெரிந்தது. அதைக் கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் சண்டைக்கு நிற்காமல், "அண்ணே, எங்க லைன்ல நேரம் எங்க போகுதுன்னு பாருங்க. இது சரியானா உங்களுக்கும் மேல பேச்சு வராது" என்று கொடுத்தார். சூப்பர்வைசர் அதையே எடுத்துக்கொண்டு இன்சார்ஜிடம் போனார். கட்டிங்கிலிருந்து பண்டல் நேரத்துக்கு வர ஆரம்பித்தது. கத்துவது முழுசாக நின்றுவிடவில்லை. ஆனால் மணிக்கு ஒரு தடவை என்பது நாளைக்கு 2 தடவையாகக் குறைந்தது.

அவர் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவதும் ஒரு வழி. பிரச்சினை வந்த உடனே, "மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கேன், 10 பீஸ் குறையும்" என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி பதற்றம் அடங்கிவிடும். எல்லாரிடமும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டோம். சிலருக்கு நாம் எது சொன்னாலும் குத்தம்தான். ஆனால் முயற்சி செய்யாமல் விட வேண்டாம்.

பேசும்போது தனியாகப் போகாதீர்கள். 3 பேர், 4 பேராகப் போங்கள். லைனுக்கு நடுவில் நின்று பேசாமல் டீ டைமில் கேளுங்கள். "எங்களை மரியாதையாப் பேசுங்க" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "பாத்ரூம் நோட்டை எல்லார் முன்னாடியும் படிக்காதீங்க" என்று ஒரே ஒரு விஷயத்தைக் கேட்பது நல்லது. ஒன்று கிடைத்தால் அடுத்ததைக் கேட்கலாம்.

கழிப்பறையும் குடிநீரும் யாரும் போடுகிற பிச்சை இல்லை. 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, நல்ல குடிநீர், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணி இடைவேளை எல்லாம் எழுதியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. குடிநீரும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஏற்பாடும் அதிலும் சொல்லப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். பின்னாடி நிற்கிறேன் என்ற சாக்கில் தோளில் கை வைப்பது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது, "டார்கெட்டைக் குறைக்கிறேன், போன் நம்பர் கொடு" என்பது, இதெல்லாம் நாம் இதுவரை பேசிய கணக்கில் சேராது. இது பாலியல் தொல்லை. 2013-ம் வருஷச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைவர் ஒரு பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடமாக இருந்தாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம். திண்டுக்கல் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலையான பிறகு, பெண்கள் முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் நின்று 2022 ஏப்ரலில் ஒரு ஒப்பந்தம் போட வைத்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று சொல்வார்கள். கம்பெனி, வெளிநாட்டு பிராண்டு, சங்கம் எல்லாரும் கையெழுத்துப் போட்டது. அதன்படி தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். சூப்பர்வைசர் எல்லை மீறினால் பார்த்துச் சொல்லுகிற வேலை அந்தப் பெண்களுடையது. அதாவது, நம்மைக் கண்காணிக்கிறவரைக் கண்காணிக்கவும் ஆள் வந்தது.

ஊக்குநர், பிரதிநிதிகளுக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்குப் போகிற உறுப்பினர் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் அபராதம் போடுவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பேசுங்கள். அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அடுத்த மாதக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு மாற்றியிருக்கிறோம். ஒரு வாரம் எழுதின பாக்கெட் நோட்டை வரும்போது கொண்டு வாருங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். யார் கம்பெனி, யார் சூப்பர்வைசர் என்று பெயர் எழுத வேண்டாம். நேரமும் காரணமும் இருந்தால் போதும்.